அழைப்பு ஒருவருக்கு, பயணம் அனைவருக்கும்

(வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் குடும்பங்களின் ஆயத்தம் குறித்துக் கோடை விடுமுறையின் தொடக்கத்தில் ஒரு பொது நூலகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சித்திரை பிறந்து, பள்ளிக்கூடங்களில் ஆண்டுப் பரீட்சை முடிகிற இந்தக் காலத்தில், தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் ஒரே விஷயத்தைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவருக்குப் பதவி உயர்வோடு நாக்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கும். கோயம்புத்தூரில் இருந்த பொறியாளரைக் கம்பெனி பெங்களூருக்கு வரச் சொல்லியிருக்கும். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரியில் வேலை கிடைத்த இளைஞன் ஒருவன் பெயர்கூடச் சரியாகத் தெரியாத வடதேசத்து ஜில்லா ஒன்றுக்குப் புறப்படக் காத்திருப்பான். இப்படி ஊரை மட்டுமல்லாமல் மாநிலத்தையே விட்டுச் செல்லும் குடும்பங்கள் எப்படித் தங்களை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது அவரவர் வீட்டுக் காரியம், இதற்கு ஒரு கூட்டமும் பிரசங்கமும் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வீட்டுக் காரியம் என்றே விட்டுவிட்டதனால்தான், ஆண்டுதோறும் குடும்பங்கள் பல ஒரே விதமான கஷ்டங்களைத் தனித்தனியே அநுபவித்து, தனித்தனியே பாடம் கற்று, அந்தப் பாடத்தை அடுத்தவருக்குச் சொல்லாமலே இருந்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லுவது நம் பாட்டனார் காலத்தில் இவ்வளவு சிக்கலாக இருந்ததில்லை. பழைய சென்னை ராஜதானியில், தஞ்சாவூரில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவை மங்களூருக்கோ, கோழிக்கோட்டுக்கோ, பெல்லாரிக்கோ, விசாகப்பட்டினத்துக்கோ மாற்றினால், தெருவில் கேட்கும் பாஷை மாறும், சாப்பாடு மாறும், ஆனால் அரசாங்கம் மாறாது. 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரிந்து, 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, ஜனங்களின் தாய்மொழியிலேயே ஆட்சி நடைபெற வேண்டும் என்ற நியாயமான கோரிக்கை நிறைவேறியது. கூடவே, எல்லையைத் தாண்டிச் செல்லும் குடும்பத்துக்கு அலுவலக பாஷையும், பள்ளிப் பாடமும், வரி விகிதமும், கையிலுள்ள சான்றிதழின் மதிப்பும் ஒரே நாளில் மாறிவிடுகிற நிலைமையும் உண்டாயிற்று.

நம்முடைய அரசியலமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் தடையின்றிச் செல்லவும், எந்தப் பகுதியிலும் வசித்துக் குடியேறவும் ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை அளித்திருக்கிறது. மகத்தான உரிமை அது. ஆயினும் அது வாசலைத் திறந்துவிடுகிறதே தவிர, உள்ளே சென்றபின் நமக்கு வேண்டிய யாவையும் எடுத்துத் தருவதில்லை. மத்திய பாரத மாநிலத்து மருத்துவக் கல்லூரி ஒன்றைப் பற்றிய வழக்கில், அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு கட்டணமும் வெளியாருக்கு ஒரு கட்டணமும் விதித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1955ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ குறிக்கப்பட்டவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்தப் புதிய மாநிலத்தின் இடஒதுக்கீட்டை அதனாலேயே கோர முடியாது என்று 1990ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தீர்மானித்தது. ஆக, மனிதன் தடையின்றிச் செல்லலாம். அவனுடைய சலுகைகளும் தகுதிகளும் அவனோடு தாமாகவே வருவதில்லை. அவற்றில் எவை கூட வரும், எவை வாரா, எவற்றை முன்யோசனையினால் வரவழைக்கலாம் என்று பகுத்து அறிவதே ஆயத்தத்தின் பெரும்பகுதி.

இங்கே நான் இந்தச் சபையில் அழுத்திச் சொல்ல விரும்பும் கருத்து ஒன்றே. மாற்றல் உத்தரவில் இருப்பது ஒருவர் பெயர். சம்பள உயர்வும், புதிய பதவியின் கௌரவமும், போய்ச் சேர்ந்த மறுநாளே உட்காருவதற்கு ஒரு நாற்காலியும், பேசுவதற்குச் சகாக்களும் அவருக்குக் கிடைத்துவிடுகின்றன. அவரோடு புறப்படும் குழந்தையும், தன் வேலையை விட்டு வரும் மனைவியும், தள்ளாத பெற்றோரும் இந்த யாத்திரையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். போகிற இடத்தில் அவர்களுக்கென்று எந்த நாற்காலியும் காத்திருப்பதில்லை. ஆகையால், அழைக்கப்பட்டவருடைய சௌகரியத்தைக் கொண்டு அல்ல, அழைக்கப்படாதவர்களுடைய க்ஷேமத்தைக் கொண்டே ஒரு குடும்பத்தின் ஆயத்தத்தை அளக்க வேண்டும்.

மத்திய அரசாங்கத்தின் விதிகளே இந்த உண்மையை ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கின்றன. மாற்றலாகும் ஊழியர் புதிய இடத்தில் சேர்வதற்கு, 1,000 கிலோமீட்டர் தூரம் வரை 10 நாளும், 2,000 வரை 12 நாளும், அதற்கு மேல் 15 நாளும் 1979ஆம் ஆண்டு விதிகளின்படி அவகாசம் உண்டு. அவருடைய குடும்பத்தாரோ, அவருக்கு ஒரு மாதம் முன்னதாகவோ, அல்லது ஆறு மாதம் வரை பின்னதாகவோ பயணம் செய்து செலவைப் பெறலாம். ஊழியர் பதினைந்து நாளில் போகலாம், ஒரு குடும்பம் பதினைந்து நாளில் பெயர முடியாது என்ற விவேகம் இந்த விதியில் அடங்கியிருக்கிறது. தனியார் கம்பெனிகளில் வேலை பார்ப்போர் இந்த அவகாசத்தைக் கேட்டுப் பெற வேண்டும்; தாமே கேட்கக் கூசினால், பிள்ளைகளின் பொருட்டாவது கேட்க வேண்டும்.

பிள்ளைகளின் விஷயத்தை விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், பெற்றோர் செய்யும் பிழையின் பலன் அவர்கள் வாழ்க்கையில் நெடுங்காலம் நிற்கும்.

முதலில் காலக் கணக்கு. தமிழ்நாட்டில் ஏப்ரலில் பரீட்சை முடிந்து ஜூனில் வகுப்பு ஆரம்பமாகிறது. தில்லியில் ஏப்ரல் 1ஆம் தேதியே புதிய வகுப்பு தொடங்கிவிடுகிறது. மகாராஷ்டிரத்து மாநிலப் பள்ளிகளில் பெரும்பாலும் ஜூன் நடுவில் தொடக்கம். நம் குழந்தை இங்கே பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே தில்லியில் அதன் வகுப்பில் பாடம் ஆரம்பித்திருக்கும் என்பதை அறியாமல், விடுமுறை கழித்து நிதானமாகப் போய்ச் சேர்ந்தால், இடமும் இராது, இடம் கிடைத்தாலும் பல வாரப் பாடம் போயிருக்கும். ஆகவே, எங்கு போகிறோம் என்று தெரிந்த அன்றே அந்த மாநிலத்துப் பள்ளி நாட்காட்டியைக் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது பாஷை. மாநில மொழியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டத்தை நம் தமிழ்நாடு 2006ஆம் ஆண்டிலேயே இயற்றிவிட்டது. பின்னர் கர்நாடகம் 2015இலும், கேரளம் 2017இலும், தெலங்கானா 2018இலும், மகாராஷ்டிரம் 2020இலும் இத்தகைய சட்டங்களைச் செய்தன. இங்கே வந்து தங்கும் பிகார்க் குழந்தை தமிழ் படிக்க வேண்டும் என்று விரும்பும் நாம், அங்கே போகும் நம் குழந்தை கன்னடமோ மராத்தியோ படிப்பதைக் கொடுமை என்று சொல்வது தர்மமாகாது. சொல்லத்தக்கது வேறொன்று: ஏழாம் வகுப்பில் போய்ச் சேரும் பிள்ளை, ஆறு வருஷம் அந்த மொழியைப் படித்தவர்களோடு ஒரே பரீட்சை எழுத நேரிடும். அதற்கு விதிவிலக்கோ, தொடக்கநிலைப் பாடமோ உண்டா என்று பள்ளியில் கேட்டு எழுத்து மூலமாகத் தெரிந்துகொள்வதும், புறப்படுமுன்னரே வீட்டில் அந்த எழுத்துக்களை ஒரு பலகையில் எழுதிப் பழக்குவதும் பெற்றோரின் கடமை. பெங்களூர் சென்ற ஒரு வாரத்தில் பஸ்ஸின் நெற்றியிலுள்ள கன்னட எழுத்தைத் தானே கூட்டிப் படித்து, ‘இது நம் பஸ்’ என்று தாயின் கையைப் பிடித்து இழுக்கும் குழந்தைக்கு, அந்த ஊரில் அந்நியத்தன்மை பாதி தீர்ந்துவிட்டது.

தமிழையும் விட்டுவிட வேண்டியதில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதிகளை ஏற்படுத்த ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. மொழிவாரி மாநிலங்களை அமைத்த அதே 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறிய பிறகு அங்கே உத்தியோகத்துக்குப் போன நம்மவர் தோற்றுவித்த முயற்சி வளர்ந்து, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக விளங்குகிறது. பம்பாயின் மாதுங்காவில் 1932ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் பெரிய கல்வி நிலையங்களை நடத்துகிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இலும் நிறுவப்பட்டவை. முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காகக் கட்டிவைத்த சத்திரங்கள் இவை. போகுமுன் இவற்றுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டால், எந்தப் பேட்டையில் எந்தப் பள்ளி, அங்கே தமிழ் உண்டா என்பது தெரிந்துவிடும். அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசாங்க ஊழியரின் பிள்ளைகளுக்காகவே 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கேந்திரீய வித்யாலயங்களில், எந்த மாநிலத்துக்குப் போனாலும் பாடத்திட்டம் ஒன்றே என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி, பெற்றோர் பலர் கவனியாத மிக முக்கியமான விஷயம். பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடிக்கிறோமோ, அந்த மாநிலமே தேசியத் தொழில்நுட்பக் கழகங்களின் சேர்க்கையில் மாணவனுடைய சொந்த மாநிலமாகக் கொள்ளப்படும். இடங்களில் பாதி சொந்த மாநிலத்தாருக்கு உரியவை. திருச்சிராப்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், கடைசி இரண்டு வகுப்புகளைக் கர்நாடகத்தில் படித்தால், திருச்சிக் கழகத்தில் அவள் வெளிமாநிலத்தாள். மங்களூரை அடுத்த சூரத்கல் கழகத்திலோ உள்மாநிலத்தாள். அதுபோலவே, தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்விச் சேர்க்கையில் 2020ஆம் ஆண்டிலிருந்து 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. இடையில் ஓர் ஆண்டு வெளிமாநிலத்தில் படித்தாலும் அந்த வாய்ப்பு அற்றுப்போகும். எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ இருக்கும் பிள்ளையை அழைத்துப் போவதா, தாத்தா பாட்டியிடம் விட்டுப் போவதா, இரண்டு வருஷம் தந்தை மட்டும் தனியே போவதா என்ற கேள்விகளுக்கு ஒரே விடை எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தாது. ஆனால் இந்த விதிகளை அறிந்து முடிவு செய்வதற்கும், சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் முதன்முறையாக அறிந்து திகைப்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது.

பத்திரங்களில், பள்ளியின் மாற்றுச் சான்றிதழை மாவட்டக் கல்வி அதிகாரியிடம் மேலொப்பம் பெற்றுக்கொள்வதும், பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்தவர்கள் தேர்வுத் துறையின் இடப்பெயர்வுச் சான்றிதழை வாங்கிக்கொள்வதும் நலம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டித் தொடக்கக் கல்வியில் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்லுகிறது. அதைத் தெரிந்துவைத்திருந்தால் பள்ளி வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதில்லை. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றைத் தாலுகா அலுவலகத்துக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும்போதே பெற்றுக்கொள்ள வேண்டும். புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்கு அவை பயன்படாவிட்டாலும், மத்திய அரசாங்கத்தின் கல்விக்கும் உத்தியோகத்துக்கும், நாளைக்குத் தமிழ்நாட்டுக்குத் திரும்புகையில் இங்குள்ள உரிமைகளுக்கும் அவையே ஆதாரம்.

இப்போது மனைவியின் பிழைப்பைக் கவனிப்போம். கணவனுக்கு உயர்வு வந்தது என்று ஊரெல்லாம் வாழ்த்தும் வேளையில், பத்து வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் பணிசெய்து பெயரெடுத்த நர்ஸ் ஒருத்தி தன் ராஜினாமாக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பாள். தமிழ்நாட்டு நர்ஸுகள் கவுன்சிலில் உள்ள பதிவைக் கொண்டு மட்டும் அவள் மறுநாளே மற்றொரு மாநிலத்தில் வேலைக்கு அமர முடியாது. இங்கிருந்து ஆட்சேபமின்மைச் சான்று பெற்று, அங்குள்ள கவுன்சிலில் பதிய வேண்டும். போய்ச் சேர்ந்தபின் இதை ஆரம்பித்தால் மாதக்கணக்கில் சம்பளமின்றி வீட்டில் இருக்க வேண்டியதுதான். உத்தரவு வந்த வாரமே விண்ணப்பம் போட்டால், வீட்டுச் சாமான் போய்ச் சேரும்போது பதிவும் கூடவே போய்ச் சேரக்கூடும். வக்கீலாக இருப்பவர் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி தம் பெயரை ஒரு மாநில பார் கவுன்சிலின் பட்டியலிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாநிலம் நடத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு மற்றொரு மாநிலத்தில் தானாகச் செல்லுபடியாகாது. மத்தியத் தகுதித் தேர்வில் தேறியிருந்தால் கேந்திரீய வித்யாலயம் போன்ற பள்ளிகளுக்கு எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம். அழைப்பு மனைவிக்கு வந்து கணவன் உடன் செல்லும் குடும்பங்களும் இன்று ஏராளம். அங்கே இதே நியாயம் கணவனுக்கும் பொருந்தும். அழைக்கப்பட்டவர் முதலில் போட வேண்டிய விண்ணப்பம், அழைக்கப்படாதவருடைய வேலைக்கான விண்ணப்பமே.

வீட்டிலுள்ள முதியவர்களைப் பற்றிச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஒருவருக்கு உலகம் என்பது, தெருமுனைக் கடைக்காரரும், கோயில் குருக்களும், பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் டாக்டரும்தான். அந்த டாக்டருக்கு நோயாளியின் சரித்திரம் மனப்பாடம்; நோயாளிக்கோ தன் மருந்தின் பெயர்கூடத் தெரியாது. ‘காலையில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு பெரிய மாத்திரை’ என்று தமிழில் சொல்லும் பாட்டியை லக்னோவில் உள்ள ஒரு டாக்டர் எப்படிச் சோதித்து அறிவார்? புறப்படுமுன் பழைய டாக்டரிடம் உட்கார்ந்து, நோய்கள், மருந்துகளின் கம்பெனிப் பெயரல்லாத இயற்பெயர்கள் (அம்லோடிபைன், மெட்ஃபார்மின் என்பதுபோல), அளவு, ஒவ்வாத மருந்துகள், கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையின் விவரம் யாவற்றையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தின் இயற்பெயரைக் காட்டி நாடெங்குமுள்ள மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்கு வாங்கலாம். தெரிந்த டாக்டர் இல்லாத ஊரில் முதல் வாரங்களைக் கழிக்க, ஒரு மாத மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். லாரியில் ஏற்றும் பெட்டியில் இருக்கக் கூடாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை பிரதானமாகத் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளை உத்தேசித்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து எழுபது வயதானவர்க்கெல்லாம் வருமான பேதமின்றி வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் அட்டையை, அத்திட்டத்தில் சேர்ந்துள்ள மாநிலங்களில் பயன்படுத்தலாம். அதை முன்கூட்டியே பதிந்து வாங்குவது பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்யும் சிறு உபகாரம்.

காலநிலையையும் முதியவரைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். தில்லியில் நவம்பர் முதல் ஜனவரி வரை குளிரோடு காற்றின் அசுத்தமும் உச்சத்தில் நிற்கும். இருமலும் இளைப்பும் உள்ள பெரியவரை அந்த மாதங்களில் அழைத்துச் செல்லாமல், பிப்ரவரி முடிவில் அழைத்துப் போவது உசிதம். மும்பைக்கு ஜூன் இரண்டாவது வாரத்தில் பருவமழை வந்துவிடும். அதற்குப் பிறகு மெத்தையும் புத்தகங்களும் நனையாமல் இறங்குவது அதிருஷ்டத்தைப் பொறுத்தது.

மற்ற காரியங்களைச் சற்று வேகமாகச் சொல்லிச் செல்கிறேன். ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதற்கும் செல்லும். வண்டியின் பதிவு அப்படியல்ல: வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அங்கே புதிய எண் பெற வேண்டும். அதற்கு இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆட்சேபமின்மைச் சான்றும், கடனில் வாங்கிய வண்டியானால் பாங்கியின் சம்மதக் கடிதமும் தேவை. நிலுவை அபராதங்களைக் கட்டித் தீர்த்திருக்கவும் வேண்டும். அங்கே வரியைச் செலுத்தியபின், இங்கே கட்டிய ஆயுட்கால வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்கலாம். பழைய ஸ்கூட்டருக்கு இவ்வளவு சிரமமும் செலவும் தகுமா, இங்கேயே விற்றுவிடலாமா என்று கணக்குப் பார்ப்பது நல்லது. அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் 2021ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து பாரத் வரிசை எண் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. அந்த எண் பெற்ற வண்டிக்கு மாநிலம்தோறும் எண் மாற்றும் தொல்லை இல்லை. ரயிலில் வண்டியை அனுப்புவோர், பெட்ரோல் டாங்கியைச் சொட்டு மிச்சமின்றி வடித்து, கண்ணாடியைக் கழற்றி, சாக்கும் வைக்கோலும் சுற்றி, பதிவுப் புத்தகத்தின் நகலோடு பார்சல் ஆபீசுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும்.

கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, முன்பணத்தைத் திரும்பப் பெற்று, டெர்மினேஷன் வவுச்சர் என்ற சீட்டை வாங்கிக்கொண்டால், புதிய ஊரில் அதே பெயரில் இணைப்புக் கிடைக்கும். வாக்காளர் பட்டியலில் பெயரைப் புதிய ஊருக்கு மாற்ற 2022ஆம் ஆண்டு ஆகஸ்டிலிருந்து 8ஆம் படிவமே உரியது. இரண்டு ஊர்களில் பெயர் இருப்பது சட்டத்துக்கு மாறானது. வாடகை வீட்டில் மாநிலத்துக்கு மாநிலம் வழக்கம் வேறு: தமிழ்நாட்டுச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்தப் பார்க்கிறது, பெங்களூரில் பத்து மாத வாடகையைக் கேட்பது நெடுநாள் வழக்கம், மும்பையில் பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். ஆதலால் முதல் மாதச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவைக்காமல் புறப்படலாகாது. சாமான்களை ஒப்படைக்கையில், பெட்டிக்கு எண் இட்டு, இன்னின்ன பொருள், இன்ன மதிப்பு என்று லாரி ரசீதிலேயே எழுதச் செய்ய வேண்டும். மதிப்பை எழுதாவிட்டால் சேதத்துக்குக் கிடைக்கும் ஈடு, கூலியைக் கொண்டு அளக்கப்பட்டுச் சுருங்கிவிடும். பத்திரங்களும் நகைகளும் மருந்தும் எந்த நிலையிலும் லாரியில் ஏறக் கூடாது.

இதுவரை சொன்னவை, யோசிக்க அவகாசமும் செலவுக்குப் பணமும் உள்ளவர்களுக்கு. இவை இரண்டும் இல்லாமல் புறப்படுகிறவர்களை மறந்தால் இந்தப் பேச்சு பூரணமாகாது. ஆழ்துளை லாரியில் போகிறவர்களும், ஆந்திரத்துக் கட்டடங்களில் வேலை தேடிப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வருகிறவர்களும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, எத்தனை பேர் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற கணக்கே அரசாங்கங்களிடம் இல்லாமல், குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு நெடுஞ்சாலைகளில் நடந்த ஜனங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தத் துயரத்துக்குப் பிறகே ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் வேகம் பெற்றது. தமிழ்நாடு அதில் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் சேர்ந்தது. அதன் பயனைச் சிறிது விளக்குகிறேன். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னுரிமை அட்டை உள்ள குடும்பத்தில் தந்தை மட்டும் வேறு மாநிலத்தில் இருந்தால், அவர் அங்குள்ள ரேஷன் கடை இயந்திரத்தில் விரலை வைத்துத் தமக்குரிய மாதம் ஐந்து கிலோ தானியத்தை வாங்கிக்கொள்ளலாம். எஞ்சிய பங்கை இங்கே மனைவியும் மக்களும் வாங்கலாம். தமிழ்நாடு தன் செலவில் கொடுக்கும் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடையாது. ஆதார் எண் அட்டையோடு இணைந்திருக்கிறதா, விரல்ரேகை பதிகிறதா என்று புறப்படுமுன் நம் கடையிலேயே சரிபார்த்துவிட வேண்டும். கல்லும் சிமெண்டும் தொட்டுத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காமல் போவது உண்டு. 2021ஆம் ஆண்டில் தொடங்கிய, அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவையும் செய்துவிட்டால், ‘எங்கே இருக்கிறாய், என்ன தொழில்’ என்பதற்கு ஒரு கணக்காவது இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஒவ்வொருவரும், நம் தெருவிலிருந்து போகும் ஒரு தொழிலாளிக்கும், நம் தெருவுக்கு வந்திருக்கும் ஒரு தொழிலாளிக்கும் இந்த இரண்டு காரியங்களையும் செய்து கொடுத்தால், அது பெரிய தர்மம்.

சபையோரே, முடிவாக ஒரு வார்த்தை. புறப்படும் தேதியைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். முதலில் பிள்ளையின் வகுப்பும் பள்ளியும். அதன்பின் மனைவியின் வேலைப் பதிவு. அதன்பின் தாய் தந்தையரின் மருந்தும் காலமும். அதற்கப்புறம் சான்றிதழ்கள், வீடு, வண்டி, சாமான் என்று வரிசையாக வரட்டும். நம்மில் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறோம். லாரி பேசுவதில் தொடங்கி, பள்ளியைக் கடைசியில் தேடுகிறோம். லாரிக்காரர் எந்த நாளிலும் கிடைப்பார். போன பள்ளியாண்டு திரும்பாது.

உங்கள் வீட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தால், இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து, வீட்டில் மிகச் சிறியவரிடமும் மிகப் பெரியவரிடமும் முதலில் கேளுங்கள்: அங்கே போனால் உங்களுக்கு என்ன வேண்டும், இங்கே எதை விட்டுவிட்டுப் போக மனம் இல்லை என்று. அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தீர்க்க முடிந்தவற்றுக்கு எதிரே தேதி போடுங்கள். தீர்க்க முடியாதவற்றை அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தம் குறை கேட்கப்பட்டது என்று அறிந்த மனிதர் எந்தத் தேசத்திலும் வாழ்ந்துவிடுவார். இதுவே பிரயாணத்தின் முதல் பத்திரம். மற்றப் பத்திரங்கள் யாவும் இதன் பின்னால் வரத்தக்கவை.